ஞானப்பல் களைந்தபின் குருதியும் வீக்கமும்

மாந்தர் வாயில் அமையும் நிலைத்த பற்கள் 32. அவற்றுள் இறுதியாக முளைப்பன, மேற்றாடையிலும் கீழ்த்தாடையிலும் இருபுறத்துக் கோடியில் நிற்கும் 4 கடைவாய்ப் பற்களாம். ஏனைய பற்கள் பெரும்பாலும் 13 வயதளவில் முளைத்து முடிய, இவை 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுதலின் ஞானப்பல் எனப் பெயர்பெற்றன. காலந்தாழ்த்தி வருவார்க்குப் பந்தியில் இடங்கிடையாமை போல, இப்பற்களுக்குத் தாடையில் இடம் போதாது போதலும் உண்டு. அப்பொழுது அவை சாய்ந்தும் கிடந்தும், முரசுக்குள்ளும் எலும்புக்குள்ளும் பாதி புதைந்தும் நின்றுவிடுகின்றன. மூடிய முரசு மடிப்பில் உணவு தங்கி அழுகிச் சீழ்கட்டுதலும், அயற்பல் சொத்தையாதலும் நேரும்போது பல்வைத்தியர் அப்பல்லைக் களைந்துவிடுகின்றார்.

பல்லைக் களைதல் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துள் முடிந்துவிடுஞ் செயல். ஆனால் அதனால் உண்டான புண் ஆறுதற்குப் பல நாட்கள் வேண்டும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. பல் களையப்பட்டவர் வீடு திரும்பிய பின்னர் அந்நான்கனுள் மருத்துவன் தொலைவில் நிற்க, ஏனைய மூன்று கூறுகளே வீட்டில் எஞ்சுகின்றன. முதலிரவில் தலையணையிற் குருதி கண்டு நடுங்குவோரும், மூன்றாம் நாளிற் கன்னம் பருத்தது கண்டு கலங்குவோரும் பலர். அஞ்சவேண்டாதனவற்றுக்கு அஞ்சி, அஞ்சவேண்டியதைக் காணாது விடுதலே இங்கு நேருங் கேடு. ஆதலின் புண்ணில் நிகழ்வது யாது, அதனைக் காக்கும் வழிகள் யாவை, அவ்வழிகளுக்குக் காரணம் என்ன என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

பற்குழியின் தனித்தன்மை

கையில் ஏற்படும் வெட்டுக்காயத்திற்கும் பற்குழிக்கும் வேறுபாடு பெரிது. தோலும் தசையும் மெல்லியன. அறுபட்ட குருதிக்கலன்கள் அவற்றினுள்ளே சுருங்கிப் பின்வாங்கக்கூடும். காயத்தின் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடலாம். பற்குழியோ எலும்பாலாய சுவருடையது. எலும்பினுள் ஓடும் நுண்கலன்கள் சுற்றியுள்ள வன்மையால் எளிதிற் சுருங்கமாட்டா. வாய் எந்நேரமும் ஈரமாக இருப்பது. அங்கே கட்டுக் கட்டிவைத்தல் இயலாது. உறைந்த குருதியைக் கரைக்கவல்ல பொருள்களும் உமிழ்நீரிற் சிறிதளவு உள. இவற்றுக்கு மேலாக, நாக்கானது புதிதாகத் தோன்றிய குழியைத் துழாவிக்கொண்டே இருக்கும் இயல்பினது. உறிஞ்சும்போதும் துப்பும்போதும் வாயினுள் அழுத்தம் மாறிக் குழியிலுள்ளதை வெளியே இழுக்கின்றது. இத்துணை இடையூறுகளுக்கு நடுவேதான் அக்குழியில் ஒரு குருதிக்கட்டி நிலைபெறல் வேண்டும்.

குருதி உறையும் முறை

குருதி உறைதல் மூன்று படிகளில் நிகழ்கின்றது. கலன் அறுபட்ட கணமே அதன் சுவர்த்தசை சுருங்கித் துளையை ஒடுக்குவது முதற்படி. குருதியில் மிதந்துசெல்லும் சிறுதட்டுக்கள் அறுந்த விளிம்பில் ஒட்டி, ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து தற்காலிகமான அடைப்பொன்றை உண்டாக்குவது இரண்டாம் படி. இச்சிறுதட்டுக்களின் தொழிலை இத்தாலிய அறிஞர் பிட்சோசேரோ 1882 ஆம் ஆண்டில் விளக்கினார். மூன்றாம் படியில், குருதித் திரவத்திற் கரைந்துள்ள பைபிரினோசன் என்னும் புரதம், துரொம்பின் என்னும் நொதியத்தால் பைபிரின் என்னும் நார்களாக மாறுகின்றது. இந்நார்கள் வலைபோலப் பின்னிச் செங்குழியங்களைத் தம்முட் சிறைப்படுத்த, முன்னெழுந்த மெல்லிய அடைப்பு உறுதியான கட்டியாகின்றது. இச்செயலிற் கல்சியத்தின் பங்கையும் உள்ளடக்கி, செர்மானிய அறிஞர் மோறவிற்சு 1905 இல் உறைதற் கொள்கையை வகுத்தார். உயிர்ச்சத்து கே இன்றி ஈரலானது துரொம்பினின் முன்னோடிப் பொருளைச் செவ்வனே ஆக்கமாட்டாது. அவ்வுயிர்ச்சத்தைக் கண்டறிந்த டென்மார்க்கினரான டாம் என்பாருக்கும், அதன் இரசாயன இயல்பைத் துணிந்த அமெரிக்கரான டொயிசி என்பாருக்கும் 1943 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வாராய்ச்சியில் பற்குழிக்கும் ஒரு பங்குண்டு. குருதி எளிதில் உறையாத ஈமோபீலியா என்னும் பரம்பரை நோயுடையார்க்கு ஒரு பல்லைப் பிடுங்குதலும் உயிர்க்கேடாக முடியும் காலம் இருந்தது. 1934 ஆம் ஆண்டில் இலண்டனில் மக்பாலேன், பாணெற் என்னும் இருவர், புடையன் எனவும் கண்ணாடிவிரியன் எனவும் நம்மவர் வழங்கும் பாம்பின் நஞ்சை மிக நீர்த்த கரைசலாக்கிக் குருதி பெருகும் இடத்தில் இட்டு, அத்தகைய நோயாளரின் பற்குழியிலும் குருதியை நிறுத்தலாம் எனக் காட்டினர். கடிபட்டவன் உடலெங்கும் பரவிக் குருதியின் உறைதன்மையைக் குலைக்கும் நஞ்சே, ஓரிடத்திற் சிறிதளவாக இடப்பட்டபோது உறைதலைத் தூண்டியது. பின்னர் மக்பாலேன், உறைதற் காரணிகள் ஒன்றையொன்று படிப்படியாகத் தூண்டும் தொடராக இயங்குகின்றன என்னும் கொள்கையை 1964 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் டேவி, இரற்னொவ் என்போரும் தனித்து அம்முடிவுக்கு வந்தனர். இன்று ஈமோபீலியா நோயாளருக்குக் குறைபட்ட காரணியை முன்னதாகவே ஊசிவழி ஏற்றி, அதன்பின் பல் களையப்படுகின்றது.

அழுத்தமே முதன்மருந்து

பல்லைக் களைந்தவுடன் வைத்தியர் குழியின்மேல் தூய வலைத்துணியை மடித்துவைத்துக் கடிக்கச் சொல்லுகின்றார். முரசைத் தைத்துவிடுதலும், 1940களில் வழக்குக்கு வந்த ஒட்சியேற்றிய செலுலோசு, செலற்றின் பஞ்சு போன்றவற்றைக் குழியில் இடுதலும் சிலபொழுது உண்டு. வலைத்துணியை 20 முதல் 30 நிமிடம் வரை விடாது கடித்திருத்தல் வேண்டும். இங்கே விடாது என்னுஞ் சொல்லே கருத்திற் கொள்ளத்தக்கது. குருதி நின்றதோ என அறியும் ஆவலால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்ப்பவர், உருவாகிவரும் பைபிரின் வலையைத் தாமே கிழித்து, உறைதல் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்குமாறு செய்கின்றார்.

இவ்விடத்தில் விறைப்பூசியின் இயல்பையும் அறிதல் நன்று. 1943 இல் சுவீடனில் லோவ்கிரென் என்பார் ஆக்கிய லிக்னோகெயின் என்னும் விறைப்பு மருந்துடன், குருதிக்கலன்களை ஒடுக்குதற்பொருட்டு 80,000 இல் 1 பங்கு அதிரீனலின் சேர்ப்பது வழக்கம். அது செயற்படும்வரை புண் வறண்டதுபோலத் தோன்றும். சில மணித்தியாலங்களின் பின் அதன் ஆற்றல் குன்றக் கலன்கள் மீண்டும் விரிகின்றன. வீடு சேர்ந்து ஓய்ந்திருப்பவர்க்கு அவ்வேளையிற் குருதி மறுபடியுங் கசியத் தொடங்கலாம். இஃது எதிர்பார்க்கத்தக்கதே. முதல் 24 மணித்தியாலம் உமிழ்நீர் இளஞ்சிவப்பாக வருதலும் இயல்பு. ஒரு துளிக் குருதி வாய்நிறைந்த உமிழ்நீரைச் சிவக்கச் செய்யுமாதலின், தலையணையிற் கண்ட கறையைக் கொண்டு இழந்த குருதியின் அளவை மதித்தல் தவறு.

குருதி மீண்டும் பெருகுமாயின், முதலில் நிமிர்ந்து உட்காருதல் வேண்டும். படுத்திருப்பின் தலைப்பகுதியில் குருதியழுத்தம் மிகும். வாயில் தளர்ந்து தொங்கும் கட்டியைத் தூய துணியால் மெல்லத் துடைத்தெடுத்து, ஈரமாக்கிய புதிய வலைத்துணியைத் தடிப்பாக மடித்துக் குழியின்மேற் சரியாக வைத்து 30 நிமிடம் உறுதியாகக் கடித்தல் வேண்டும். துணி அயற்பற்களுக்கிடையே மட்டும் நின்று குழியைத் தொடாதிருந்தால் எவ்வளவு நேரம் கடித்தும் பயனில்லை. வலைத்துணி கிடையாதபோது, கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையையும் அவ்வாறு கடிக்கலாம். நம் மலைநாட்டில் விளையும் தேயிலையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதங்களைத் திரளச்செய்து இழையங்களைச் சுருக்குகின்றது. ஆயினும் துவர்ப்பினும் அழுத்தமே முதன்மையானது. தேநீரைக் கொப்பளித்தல் அதற்கு ஈடாகாது. இவ்வாறு இருமுறை முயன்றும் வாய் நிறையக் குருதி பெருகுமாயின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

குருதிக்கட்டியைக் காத்தல்

குழியில் உறைந்த கட்டி வெறும் அடைப்பன்று. புதிய இழையம் படர்ந்து ஏறுதற்கு அதுவே சாரமாக நிற்கின்றது. பின்னர் அவ்விடத்தில் எலும்பு உண்டாகின்றது. விலக்குக்கள் பலவும் இக்கட்டியைக் காத்தற்பொருட்டே விதிக்கப்பட்டன. முதல் நாள் முழுவதும் கொப்பளித்தலும் வலிந்து துப்புதலும் ஆகா. சோடாவையோ இளநீரையோ குழாய்வைத்து உறிஞ்சுதலும் ஆகாது. சூடான தேநீரும் கஞ்சியும் கலன்களை விரியச் செய்வன. ஆதலின் ஆறவைத்தே பருகுதல் வேண்டும். மது அருந்தலும் கடும் உடலுழைப்பும் விளையாட்டும் விலக்கத்தக்கன. சுருட்டு, பீடி, சிகரெட்டு என்பன இருவகையில் தீயன: உறிஞ்சுஞ் செயல் கட்டியை அசைக்கின்றது, நிக்கொற்றீன் கலன்களை ஒடுக்கிப் புண்ணுக்கு வேண்டிய குருதியோட்டத்தைக் குறைக்கின்றது. வெற்றிலை மெல்லுவோர், பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் புண்ணுட் புகும் என்பதை எண்ணி அப்பழக்கத்தைத் தவிர்த்தல் வேண்டும். 24 மணித்தியாலத்தின் பின் ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப்பின் வாயிற் கொண்டு, தலையை மெல்லச் சாய்த்து வழியவிடுதல் நன்று. ஏனைய பற்களை வழமைபோலத் துலக்கலாம்.

கட்டி உதிர்ந்தோ காலத்துக்கு முன் கரைந்தோ போயின் விளைவது, 1896 இல் குரோபோட் என்பார் உலர்குழி என விவரித்த நிலையாகும். பல் களைந்து 2 முதல் 4 நாளளவில், குறைந்துவந்த நோ மீண்டும் எழுந்து காதுவரை பரவும், வாய் நாறும், குழியில் வெற்றெலும்பு தெரியும். கீழ்த்தாடை ஞானப்பற் குழியிலும், புகைப்போரிடத்தும் இது மிகுதியாக நேர்கின்றது. வைத்தியர் குழியைக் கழுவி நோதணிக்கும் மருந்தை அதனுள் இட்டால் சில நாட்களில் தணிந்துவிடும். நோமாத்திரைகளையே மேன்மேலும் விழுங்கி வீட்டிற் கிடத்தல் வீண் துன்பமாம். ஒரு கிழமை கழிந்தபின் புதிதாகக் குருதி தோன்றுமாயின், அது பெரும்பாலும் புண்ணிற் கிருமி தொற்றியதன் அறிகுறி. அதற்கும் வைத்தியரையே நாடல் வேண்டும்.

முன்னரே கூறவேண்டியன

பல் களையுமுன் வைத்தியரிடம் மறையாது கூறவேண்டியன சில உள. முன்பு வெட்டுக்காயத்திலோ பல் பிடுங்கியபோதோ நெடுநேரம் குருதி நில்லாதிருந்ததா, குடும்பத்தில் எவர்க்கேனும் அக்குறை உண்டா, ஈரல்நோய் உண்டா, எவ்வெம்மருந்து உட்கொள்ளப்படுகின்றது என்பன அவை. பின்லாந்து வைத்தியர் வொன் வில்லபிராண்டு 1926 இல் விவரித்த பரம்பரை நோய் ஆண் பெண் இருபாலாரையும் பற்றுவது. அதன் மென்மையான வகை, ஒரு பல் களைந்தபோதே முதன்முதல் வெளிப்படுதலும் உண்டு. அஸ்பிரின் சிறுதட்டுக்களின் ஒட்டுந்தன்மையை அவற்றின் ஆயுட்காலமாகிய 7 முதல் 10 நாள் வரை குறைத்துவிடும். ஆதலின் பல்நோவுக்கு அதனைத் தாமாக வாங்கி விழுங்கல் ஆகாது.

ஆனால் இருதயநோயையோ பக்கவாதத்தையோ தடுத்தற்கு அஸ்பிரின், வார்பரின், அபிக்சபான் முதலியவற்றை வைத்தியர் விதிப்படி உட்கொள்வோர், பல்லின்பொருட்டு அவற்றைத் தம்மிச்சையாக நிறுத்துதல் அதனினும் பெருந்தவறு. பற்குழியின் குருதியை அழுத்தியும் தைத்தும் நிறுத்தலாம். மூளையின் கலனை அடைத்த கட்டியால் விளையுங் கேட்டை அவ்வாறு எளிதில் மாற்றல் இயலாது. யப்பானிய ஆராய்ச்சியாளரான ஒக்காமொற்றோ தம்பதியர் 1962 இல் வெளிப்படுத்திய திரனெக்சாமிக் அமிலம், உறைந்த கட்டி கரையாது காப்பது. அதன் 5 சதவீதக் கரைசலால் வாய்கழுவுதல் இத்தகையோர்க்குப் பயன்படுகின்றது.

வீக்கத்தின் காரணமும் தணிக்கும் வழியும்

கி.பி. 1 ஆம் நூற்றாண்டில் உரோமரான செல்சசு, அழற்சியின் குறிகளைச் செம்மை, வீக்கம், வெம்மை, நோ என நான்காகக் கூறினார். ஞானப்பல் களைந்தார் கன்னத்தில் இந்நான்கும் காணத்தக்கன. எலும்பைச் செதுக்கியும் பல்லைப் பிளந்தும் எடுக்கும்போது சேதமுற்ற கலங்கள் இசுத்தமீன், புரொசுத்தகிளாந்தின் முதலிய பொருள்களை வெளிப்படுத்துகின்றன. அவற்றால் நுண்கலன்கள் விரிந்து சுவர் நெகிழக் குருதித் திரவம் இழையங்களுட் கசிகின்றது; வெண்குழியங்களும் உடன்வந்து கிருமிகளை எதிர்த்துச் சிதைவுகளை அகற்றுகின்றன. எனவே வீக்கம் புண் ஆறும் தொழிலின் ஒரு பகுதியேயாம். அது முதல் நாளினும் அடுத்த நாளிற் பெருகி, 48 முதல் 72 மணித்தியாலத்தில் உச்சத்தை அடைந்து, ஏறக்குறைய ஒரு கிழமையில் வடியும். மெல்லும் தசைகள் விறைத்து வாய் திறத்தல் அரிதாதலும், கன்னத்திற் கன்றிய நிறம் மஞ்சளாகிக் கழுத்துவரை இறங்குதலும் இக்காலத்தில் நிகழ்வனவே.

வீக்கத்தைக் குறைக்கும் முயற்சி முதல் நாளிலேயே தொடங்குதல் வேண்டும். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிக் கன்னத்தின்மேல் 15 முதல் 20 நிமிடம் ஒற்றி, அவ்வளவு நேரம் இடைவிட்டு மீண்டும் ஒற்றலாம். துணியின்றித் தோலில் நேரே வைத்தல் தீங்காகும். குளிரொற்றலால் வீக்கம் எத்துணை குறையும் என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒரே வகையாக இல்லை. எனினும் நோ தணிதலும் நுண்கலன்கள் ஒடுங்குதலும் அதனால் உண்டு. இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தல் திரவம் வடிதற்குத் துணையாகும். கடினமான சத்திரசிகிச்சையில் டெக்சாமெதசோன் என்னும் மருந்தை வைத்தியர் கொடுத்து வீக்கத்தைக் குறைப்பதும் உண்டு. 48 மணித்தியாலம் கழிந்தபின் குளிரால் பயனில்லை. அப்பொழுது இளஞ்சூடான ஒற்றடமும், வாயை மெல்ல மெல்லத் திறந்து மூடும் பயிற்சியும் தசைவிறைப்பை நீக்கும். ஆறிய கஞ்சி, குழைந்த சோறு, சொதியில் ஊறிய இடியப்பம் போன்றவை ஏற்ற உணவாம்.

1971 இல் பிரித்தானிய அறிஞர் வேன், அஸ்பிரின் போன்றவை புரொசுத்தகிளாந்தின் ஆக்கத்தைத் தடுத்தே நோவையும் அழற்சியையும் தணிக்கின்றன எனக் காட்டினார். 1982 இல் நோபெற் பரிசில் பங்கும் பெற்றார். இபுபுரோபென் அவ்வினத்தது. இரைப்பைப் புண், சிறுநீரக நோய் முதலியன உடையார்க்கு அது ஒவ்வாது. டெங்குக் காய்ச்சல் என ஐயுறும்போதும் அது குருதிப்போக்கை மிகுவிக்கும், பரசிற்றமோலே தக்கது. முன்பு மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை வீக்கத்துக்கென உண்ணல் பயனற்றது. இயல்பான வீக்கத்தை அவை குறைப்பதில்லை.

அஞ்சத்தக்க வீக்கம்

வடியவேண்டிய காலத்தில் வளரும் வீக்கமே அஞ்சத்தக்கது. கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர் நுனிகள், வாயின் தளமாக அமைந்த தசை தாடையெலும்பிற் பொருந்தும் கோட்டுக்குக் கீழே நிற்பன. ஆதலின் அங்குத் தொற்றும் கிருமி நாவின் அடிக்கும் மோவாயின் கீழ்ப்புறத்துக்கும் எளிதிற் பரவக்கூடும். 1836 இல் செர்மானிய வைத்தியர் லுட்விக் விவரித்த நோய் இதுவே. நாவின் கீழிடம் பலகைபோல் இறுகி, நா மேலெழுந்து, மூச்சுவழி அடைபடும். பெனிசிலின் வழக்கத்துக்கு வருமுன் அந்நோய்ப்பட்டோருட் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று காலத்தோடு வைத்தியசாலை சேர்ந்தார் பெரும்பாலும் பிழைக்கின்றனர். தாமதித்தார்க்கு இன்றும் அது கொடியதே. மூன்றாம் நாளின் பின் வீக்கம் பெருகுதல், காய்ச்சலும் நடுக்கமும், சீழ் வடிதல், விழுங்க இயலாது உமிழ்நீர் ஒழுகுதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல் என்பன அதன் குறிகள். விழுங்குதலோ மூச்சோ தடைப்படுமாயின், நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், குருதியை நிறுத்துவதும் புண்ணை ஆற்றுவதும் உடம்பே என்பதும், வலைத்துணி முதல் பனிக்கட்டி வரை நாம் செய்வன யாவும் அதன் தொழிலுக்கு இடையூறு நேராது காப்பனவே என்பதும் பெறப்படும். தன் வாயைத் தானே காணல் நோயாளிக்கு அரிது. நோவும் அயர்வும் உள்ளபோது நேரத்தை அளத்தலும் அரிது. உடனிருப்போர் கடித்த துணிக்கு நேரங் கணித்தும், இரவில் ஒருமுறை எழுந்து விளக்கொளியில் வாயைப் பார்த்தும், கன்னத்தின் அளவை நாள்தோறும் ஒப்பிட்டும் வருவாராயின், இயல்பானதற்கு வீணே கலங்கவும் நேராது. ஆபத்தானது காணப்படாது போகவும் நேராது.